கடைகாலும் எறும்புச் சாரையும்: கடையநல்லூர்ப் பக்கத்துக் கதைகள்

'கடையநல்லூர்' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்ததும் கடை, கண்ணி, வியாபாரம் என்றுதான் மனசு போகும். போகட்டும், தப்பில்லை. மதுரை ரோட்டில் பஸ் ஊருக்குள் நுழைந்ததுமே கடைகள்தான் வரிசையாக வரவேற்கின்றன. ஆனால் ஊர்ப் பெரியவர்களிடம் பெயர்க்காரணம் கேட்டால் பேச்சு வியாபாரத்தை விட்டுவிட்டுப் பாலில் போய் நிற்கும்.

ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் காடும் மேய்ச்சல் நிலமும். மாடு மேய்த்துக்கொண்டிருந்த இடையர்களிடம் தாகத்தோடு வந்த ஒருவர் பால் கேட்டாராம். வந்தவர் முனிவர் என்பார்கள் சிலர், சிவனே நேரில் வந்தார் என்பார்கள் சிலர். இடையர்கள் பால் கறக்கிற மூங்கில் பாத்திரத்திலேயே பாலை ஊற்றிக் கொடுத்தார்கள். அந்தப் பாத்திரத்துக்குப் பெயர் 'கடைகால்'. குடித்து முடித்ததும் வந்தவர் அதைக் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்த கடைகால் லிங்கமாகிவிட்டது. அந்தச் சாமிதான் கடைகாலீஸ்வரர். கடைகால்நல்லூர் பேச்சு வழக்கில் தேய்ந்து கடையநல்லூர் ஆனது. இதுதான் கதை.

இன்றைக்கு அந்தச் சொல்லே வேறு ஆளிடம் போய்விட்டது. 'கடைகால் தோண்டியாச்சா?' என்று கேட்டால் கொத்தனார் வீட்டு அஸ்திவாரத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார். பால் பாத்திரம் யார் நினைவுக்கும் வராது. பாத்திரம் போய்விட்டது, சொல்லும் கைமாறிவிட்டது. ஊர்ப் பெயருக்குள் மட்டும் அது பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

லிங்கமாக மாறியதா, இல்லையா என்ற வாதத்துக்குள் போக வேண்டாம். அது நம்பிக்கை. ஆனால் கதைக்குள் இருக்கிற மற்ற சாமான்களைக் கவனியுங்கள். மூங்கில், மாடு, தாகம், அந்நியருக்குப் பால் கொடுக்கிற வழக்கம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் மூங்கில் வெட்டி, மாடு மேய்த்துப் பிழைத்தவர்கள் தங்களைப் பற்றி எழுதி வைக்கவில்லை. அவர்களுடைய பாத்திரம்தான் சாமியாகி நின்று அவர்களுக்காகச் சாட்சி சொல்கிறது. 'நம்ம ஊருக்கு ராஜா வந்தார்' என்று எத்தனையோ ஊர்களில் பெயர்க்கதை சொல்வார்கள். இங்கே ராஜா இல்லை. பால் கறந்தவர்கள்தான் இருக்கிறார்கள். அந்த வகையில் இது கொஞ்சம் கௌரவமான கதை.

2011 கணக்கெடுப்பில் கடையநல்லூரின் மக்கள்தொகை 90 ஆயிரத்துக்குச் சற்று மேல். சின்ன ஊர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஊரைத் தாண்டி மேற்கே கொஞ்ச தூரம் போனால் வயல், தோப்பு, பிறகு மலை. அவ்வளவுதான். மனிதர்கள் குறைந்துகொண்டே போவார்கள், கதைகள் கூடிக்கொண்டே போகும். 2019 நவம்பர் 22-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தமிழகத்தின் 33-வது மாவட்டமாக தென்காசி உருவானபோது, இந்த மலையடிவாரம் மொத்தமாக அதற்குள் வந்துவிட்டது.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சில எண்கள் மனப்பாடம். கடனா 85, ராமநதி 84, கருப்பாநதி 72, குண்டாறு 36, அடவிநயினார் 132. எல்லாம் அணைகளின் உயரம், அடிக்கணக்கில். மழைக்காலத்தில் பேப்பரில் வருகிற நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு, 'இன்னும் எத்தனை அடி பாக்கி?' என்று டீக்கடையில் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைக்குப் போன் வந்தால் நலம் விசாரிப்புக்கு முன்னால் வருகிற கேள்வி, 'குத்தாலத்துல தண்ணி விழுதாம்ல, கேட்டியா?' என்பதுதான். பெயர் குற்றாலம் என்று எழுதினாலும் வாயில் வருவது குத்தாலம்தான். அதை யாரும் திருத்த முடியாது, திருத்தவும் வேண்டாம்.

சரி, எறும்புக்கு வருவோம்.

தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. பராக்கிரம பாண்டியன் கனவில் சிவன் வந்து, எறும்புகள் சாரை சாரையாகப் போகும், அதன் பின்னாலேயே போ, அவை எங்கே போய்ச் சேர்கின்றனவோ அங்கே நான் இருக்கிறேன் என்றாராம். ராஜா எறும்பின் பின்னால் நடந்தார். செண்பக வனத்தில் லிங்கம் கிடைத்தது. அங்கே கோயில் எழுந்தது.

இப்போது அங்கிருந்து பண்பொழி திருமலைக் கோயிலுக்கு வாருங்கள். மலை மேல் முருகன். அங்கேயும் ஒரு கனவு, அங்கேயும் எறும்பு! பூவன் பட்டர் என்பவர் கனவில் முருகன் வந்து கட்டெறும்புச் சாரையைப் பின்தொடரச் சொன்னதாகவும், அது முடிந்த இடத்தில் தோண்டியபோது சிலை கிடைத்ததாகவும் சொல்வார்கள். தோண்டிய கடப்பாரை முனை பட்டு சிலையின் மூக்கில் சின்னக் காயம். அதனால் இந்த முருகனுக்குச் செல்லமாக 'மூக்கன்' என்றொரு பெயர். தன் சாமிக்கே பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிற உரிமை கிராமத்துக்காரர்களுக்குத்தான் வரும்.

கிழக்கே சங்கரன்கோவிலுக்குப் போனால் அங்கே புற்று. புற்று மண்ணைத்தான் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். நெற்றியில் பூசிக்கொள்ளவும், வீட்டுக்கு எடுத்துப் போகவும். மூன்று ஊர், மூன்று கோயில், மூன்றிலும் மண்ணுக்குள் வாழ்கிற சின்ன உயிர்கள்.

ஒரே கதையை ஒரு கோயில் இன்னொரு கோயிலிடமிருந்து கடன் வாங்கியிருக்கலாம். அதைவிட எளிமையான காரணமும் இருக்கலாம். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை வரும் என்று பார்த்துச் சொன்னவர்கள் விவசாயிகள். புற்று எழும்பும் இடத்தில் கிணறு வெட்டலாம் என்றும் சொல்வார்கள். மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மனிதனைவிட எறும்புக்குத் தெரியும் என்பது அவர்களுடைய அன்றாட அனுபவம். தண்ணீரைக் கண்டுபிடிக்கிற அதே எறும்பை, சாமியைக் கண்டுபிடிக்கவும் அனுப்பிவிட்டார்கள். இதற்குக் கல்வெட்டு ஆதாரம் எல்லாம் கிடையாது, ஒரு யோசனைதான். ஆனால் ராஜாவை எறும்பின் பின்னால் நடக்க விட்ட அந்தக் குறும்பு, அரண்மனையில் பிறந்த கதையாகத் தெரியவில்லை.

தென்காசிக் கோயிலுக்கு வந்தவர்கள் இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்வார்கள்: கோபுரக் காற்று. ராஜகோபுர வாசலில் உள்ளே நுழையும்போது முகத்தில் எதிர்க்காற்று அடிக்கும். கொஞ்சம் தாண்டியதும் காற்று பின்னாலிருந்து முதுகைத் தள்ளும். 'சாமி முதல்ல சோதிப்பாரு, பொறவு அவரே உள்ள கூப்பிட்டுக்கிடுவாரு' என்று ஆச்சிமார் விளக்கம் சொல்வார்கள். புவியியல் தெரிந்தவர்கள் மேற்கே கையைக் காட்டுவார்கள். செங்கோட்டைக்கு அப்பால் மலைத்தொடரில் ஒரு இடைவெளி, ஆரியங்காவுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே நுழைந்துதான் தென்காசிக்கு வருகிறது. கோயில் கிழக்கு பார்த்தது. ஆக, உள்ளே போகிறவர் மேற்கு நோக்கி நடக்கிறார். காற்று முகத்தில் அடிக்காமல் எங்கே அடிக்கும்? தாண்டியதும் ஏன் பின்னாலிருந்து தள்ளுகிறது என்றால், உயரமான கட்டடத்தின் குறுகலான வாசலில் காற்று சுழன்று விளையாடுவது நகரத்து அடுக்குமாடிகளிலும் நடப்பதுதான். சாரல் மாதத்தில் அந்த வாசலில் நின்றால் இரண்டு விளக்கமும் ஒரே நேரத்தில் சரி என்று படும்.

ஆனால் அந்தக் கோபுரத்தில் காற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டால் யாரோ உட்கார்ந்து கட்டிய கதை என்றுதான் தோன்றும். ஆனால் அது கதையே இல்லை.

பராக்கிரம பாண்டியன் 1446-ல் திருப்பணியைத் தொடங்கினான். கோயில் எழுந்தது. கோபுர வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1463-ல் அவன் காலம் முடிந்துவிட்டது. தம்பி குலசேகர பாண்டியன்தான் கோபுரத்தை முடித்தான். இதெல்லாம் எந்தக் கோயிலிலும் நடப்பதுதான். நடக்காத ஒன்றைப் பராக்கிரம பாண்டியன் செய்தான். இந்தக் கோயிலில் பிற்காலத்தில் ஏதாவது பழுது வரலாம்; அப்போது யார் அதைச் சரிசெய்கிறார்களோ, அவர்கள் யாராக இருந்தாலும் சரி, அவர்கள் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்று பாட்டாகவே சொல்லி வைத்தான். அது கல்வெட்டில் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். கோயில் கட்டிய ராஜாக்கள் பொதுவாகக் கல்லில் என்ன எழுதுவார்கள்? கொடுத்த நிலம், விட்ட ஆடு, எரிய வேண்டிய விளக்கு. கடைசியில், 'இதற்குக் கேடு செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்' என்கிற பாணியில் ஒரு சாபம். பயமுறுத்திக் காப்பாற்றுவது வழக்கம். இந்த மனிதன் பயமுறுத்தவில்லை. தன் கட்டடம் ஒருநாள் உடையும் என்று ஒப்புக்கொண்டு, இன்னும் பிறக்காத ஒருவரின் காலில் விழுந்தான்.

கட்டடம் உடைந்தது. இடி விழுந்து என்பார்கள், தீப்பிடித்து என்பார்கள். மேல்நிலைகளை இழந்து, பிளந்து, நெடுங்காலம் அது மொட்டைக் கோபுரமாக நின்றது. தாத்தா காலத்தில் மொட்டை, அப்பா காலத்திலும் மொட்டை. தென்காசி என்றால் அந்தப் பாதிக் கோபுரம்தான் அடையாளம் என்று வளர்ந்தவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கடைசியில் 1990-ல்தான் கோபுரம் முழுதாக எழுந்து குடமுழுக்கு நடந்தது. சிவந்தி ஆதித்தன் அந்தத் திருப்பணியை முன்னின்று நடத்தினார். ஒன்பது நிலை, ஏறத்தாழ 180 அடி. கல் சுமந்தவர்கள், சாரம் கட்டியவர்கள், சுதை வேலை செய்தவர்கள், உண்டியலில் பத்து ரூபாய் போட்டவர்கள் என எத்தனை பேரோ! பராக்கிரம பாண்டியனின் கும்பிடு அவர்கள் எல்லோருக்கும்தான். ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் காத்திருந்து போய்ச் சேர்ந்திருக்கிறது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் 'உங்களுக்குத் தெரியுமா?' ரகச் செய்திகளில் இந்தக் கும்பிடு அதிகம் வருவதில்லை என்பதுதான் வருத்தம். தஞ்சைப் பெரிய கோயில் கோபுர நிழல் தரையில் விழாது என்பது மாதிரியான சங்கதிகள்தான் பறக்கின்றன. ஒரு சாயங்காலம் நேரில் போய் நின்றால் நிழல் தரையில்தான் கிடக்கிறது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். பொய்யான அதிசயம் வேகமாகப் போகிறது. கல்லில் இருக்கிற நிஜமான அதிசயம் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது.

குற்றாலத்துக் கதை ஒன்று குடும்பத்துப் பெண்களுக்கு ரொம்பப் பிடிக்கும். சாமிக்கே தலைவலி வந்த கதை. குற்றாலநாதர் கோயில் முதலில் பெருமாள் கோயிலாக இருந்ததாம். அகத்தியர் வந்தபோது உள்ளே விடவில்லை. அவர் பக்கத்திலிருக்கும் இலஞ்சிக்குப் போய் முருகனை வணங்கி யோசனை கேட்டு, வைணவர் வேடத்தில் திரும்ப வந்து, பெருமாளின் தலையில் கை வைத்து 'குறுகுக, குறுகுக' என்று அழுத்த, சிலை குறுகி லிங்கமாகிவிட்டதாம். அழுத்தியதில் சாமிக்குத் தலைவலி. அதற்காகத்தான் மூலிகைகள் காய்ச்சிய தைலத்தால் இன்றும் அபிஷேகம் நடக்கிறது என்பார்கள்.

இந்தக் கதையை இரண்டு மதப்பிரிவுகளுக்கு நடந்த பழைய சண்டையின் தழும்பாக வாசிப்பவர்கள் உண்டு. அந்த வாசிப்பை ஒதுக்க முடியாது. ஆனால் ஜெயித்தவர்கள் சொல்கிற கதையில் ஒரு வலி மிச்சமிருப்பதுதான் விசேஷம். மாற்றினோம், ஆனால் வலித்தது, இன்றுவரை எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்! அருவியில் குளிக்கப் போகிறவர்கள் வழியில் எண்ணெய் தேய்த்துவிடுபவர்களிடம் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், குற்றாலத்தில் சாமிக்கும் ஆசாமிக்கும் ஒரே வைத்தியம்தான் என்று தோன்றும்.

அதே குற்றாலத்தில் நிஜமாக நடந்த ஒன்றை அதிகம் பேர் சொல்வதில்லை. குற்றாலக் குறவஞ்சி எழுதிய திரிகூடராசப்பக் கவிராயர், தென்காசியை ஒட்டியிருக்கும் மேலகரத்துக்காரர். அந்த நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குப் பெயர் 'குறவஞ்சி மேடு'. ஒரு புத்தகத்தின் பெயரில் ஒரு வயல்! நாடகத்தில் வருகிற குறத்தி கையைப் பார்த்துக் குறி சொல்லிச் சம்பாதித்தாள். அவளை எழுதியவர் நிலம் சம்பாதித்தார்.

இதை இன்னொன்றோடு சேர்த்துப் பாருங்கள். தென்காசியிலிருந்து சுந்தரபாண்டியபுரம் போகிற பக்கம், வயல்களுக்கு நடுவே பாறைகள். 2005-ல் வந்த 'அந்நியன்' படப் பாட்டுக்காக அவற்றில் நடிகர்களின் முகங்களை வரைந்தார்கள். அன்றிலிருந்து அது 'அந்நியன் பாறை'. சூரியகாந்தி பூக்கிற மாதங்களில் கேரளாவிலிருந்துகூட கார் கட்டிக்கொண்டு வந்து போட்டோ எடுத்துப் போகிறார்கள். அந்தப் பாறைக்கு முன்னால் என்ன பெயர் இருந்தது என்று கேட்கிறவர்கள் குறைவு. ஒரு பெயர் ஒட்டிக்கொள்ள ஒரு பாட்டு போதும். ஒரு பெயர் மறந்துபோக ஒரு தலைமுறை சும்மா இருந்தால் போதும். இன்னும் நூறு வருஷத்துக்குப் பிறகு, 'அந்நியன் என்றொரு ராட்சசன் இந்தப் பாறையில் வாழ்ந்தான்' என்று யாராவது குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எல்லைக்கதை ஒன்றையும் சொல்லிவிடலாம். செங்கோட்டை 1956 அக்டோபர் 31 வரை வேறு பக்கம். திருவிதாங்கூர் சமஸ்தானம், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்த நவம்பர் 1-ல்தான் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. 1911-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனைத் தமிழ்நாடே கொண்டாடுகிறது. அவர் பிறந்த செங்கோட்டை அப்போது மன்னர் ஆட்சியில் இருந்த ஊர். தென்காசியிலிருந்து சில கிலோமீட்டர் போனால் வேறு சட்டம், வேறு அரசு.

கோடு மாறினாலும் சாமிக்கு அது தெரியாதே! கேரளாவுக்குள் இருக்கும் அச்சன்கோவில் ஐயப்பனுக்கு மார்கழித் திருவிழா. அதற்கான ஆபரணப் பெட்டி புனலூரிலிருந்து போலீஸ் பாதுகாப்போடு கிளம்பி, தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, தென்காசி வழியாக வந்து, மறுபடி மலையேறி கேரளாவுக்குள் போகும். காசி விஸ்வநாதர் கோயில் முன்னால் கூட்டமாக நின்று வரவேற்பார்கள். ஒரு மாநிலத்துச் சாமியின் நகை இன்னொரு மாநிலத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை.

அச்சன்கோவிலைப் பற்றி இன்னொரு நம்பிக்கை இங்கே ரொம்பப் பிரபலம். பாம்பு கடித்தவரைக் கொண்டு வந்தால் நடுராத்திரியிலும் நடை திறந்து சந்தனமும் தீர்த்தமும் கொடுப்பார்கள் என்பது. காட்டு வழியில் நடந்து போன காலத்தில் அது ஒன்றுதான் கதவாக இருந்திருக்கும். இன்றைக்கு அரசு மருத்துவமனைகளில் விஷமுறிவு ஊசி இருக்கிறது. முதலில் அங்கே போங்கள். சாமி கோபிக்க மாட்டார்.

இனி கடையநல்லூருக்கே திரும்ப வேண்டும். இந்த ஊரின் மிகப் பெரிய கதை மலையில் இல்லை, கடலுக்கு அப்பால் இருக்கிறது. சிங்கப்பூரில் 'கடையநல்லூர் ஸ்ட்ரீட்' என்று ஒரு தெரு உண்டு.

சைனா டவுன், தஞ்சோங் பகார் வட்டாரம். சிங்கப்பூர் போனவர்கள் சிக்கன் ரைஸுக்காக வரிசையில் நிற்கிற மேக்ஸ்வெல் உணவங்காடிக்குப் பக்கம். நெல்லைச் சீமையின் ஒரு நெசவாளர் ஊர், உலகத்தின் பணக்கார நகரங்களில் ஒன்றில் தெருப்பலகையாகி நிற்கிறது. சென்னையில்கூடக் கிடைக்காத மரியாதை!

அது எப்படி வந்தது? கடையநல்லூர் முஸ்லிம்களில் பலர் தறி நெய்தவர்கள். தறி சோறு போடாத காலத்தில் கப்பல் ஏறினார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் போன ராஜுலா கப்பலின் பெயர் தென் தமிழ்நாட்டுப் பழைய தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் ஆண்கள் தனியாகப் போய்ச் சம்பாதித்துப் பணம் அனுப்புவார்கள், பெண்கள் ஊரில் இருப்பார்கள். அதுதான் வழக்கம். கடையநல்லூர்க்காரர்கள் மாற்றிச் செய்தார்கள். குடும்பத்தோடு போனார்கள். துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் குடியேறினார்கள். போன பெண்கள் வீட்டில் உட்காரவில்லை. அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். ஊரில் வாசல் தாண்டுவதற்கே யோசித்த காலத்தில், கடல் தாண்டி, சொந்தக் கையால் சம்பாதித்தார்கள்.

1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கப்பட்டது. மறு வருஷம் பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. போர்க்காலப் பஞ்சம், பயம் எல்லாம் முடிந்து மூச்சு விட்டதும் அவர்கள் செய்த காரியத்தைப் பாருங்கள். 1946-ல் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். பெயர், உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயர். தாங்கள் அதிகம் படிக்காதவர்கள், பிள்ளைகள் தமிழ் படிக்கட்டும் என்று நினைத்தவர்கள் கட்டிய பள்ளி. பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. ஆங்கிலப் படிப்பின் பக்கம் காலம் சாய, மாணவர்கள் குறைந்து, 1982-ல் மூடப்பட்டது. ஆனால் பெயர் சாகவில்லை. இன்றைக்கும் சிங்கப்பூரில் உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையம் இயங்குகிறது.

தஞ்சோங் பகாரின் பழைய வீடுகளிலிருந்து குடும்பங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குச் சிதறிவிட்டன. பலர் ஊருக்குத் திரும்பினார்கள். தெருப்பலகை மட்டும் அங்கேயே.

இங்கேதான் ஒரு இடறல். பால் பாத்திரத்துக்குக் கதை இருக்கிறது. எறும்புக்கு இருக்கிறது. சாமியின் மூக்குக் காயத்துக்கும் தலைவலிக்கும் இருக்கிறது. அம்மிக்கு இல்லை. சங்கம் தொடங்கிய வருஷமும் பள்ளி தொடங்கிய வருஷமும் பதிவில் இருக்கின்றன. அவையெல்லாம் பெரும்பாலும் ஆண்கள் கூட்டம் போட்டுத் தீர்மானித்த விஷயங்கள். மசாலா அரைத்த பெண்கள் தீர்மானம் போடவில்லை, கையெழுத்தும் போடவில்லை. ஆய்வாளர்கள் சிலர் சிங்கப்பூரில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆனால் கடையநல்லூரில் ஒரு குழந்தையைத் தூங்க வைக்கச் சொல்கிற கதையாக அது இன்னும் மாறவில்லை. கடைகாலுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் அம்மிக்குக் கிடைக்கவில்லை.

அதற்குக் காரணம் அந்தப் பெண்களின் கூச்சமாகவும் இருக்கலாம். 'என்னத்த பெருசா செஞ்சோம்? அரைச்சோம், வித்தோம், புள்ளைகள வளத்தோம்' என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிற தலைமுறை அது. பேரன் பேத்திகளும் பள்ளிக்கூட வரலாற்றில் வருகிற தேதிகளைக் கேட்கிற அளவுக்கு அடுப்படியைப் பற்றிக் கேட்பதில்லை.

கேட்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. கப்பலில் எத்தனை நாள்? சாப்பாட்டுக்கு என்ன கட்டிக்கொண்டு போனார்கள்? அரைத்த மசாலாவை யார் வாங்கினார்கள், சீனக் குடும்பங்களும் வாங்கினவா, காரத்தைக் குறைக்கச் சொன்னார்களா? விடியற்காலையில் எத்தனை மணிக்கு அம்மியில் உட்காருவார்கள், தொட்டிலில் கிடக்கிற பிள்ளையை யார் ஆட்டியது? மிளகாய் எரிச்சலுக்குக் கையில் என்ன தடவினார்கள்? ஜப்பான்காரன் காலத்தில் மிளகாய்க்கும் மல்லிக்கும் எங்கே போனார்கள்? சம்பாதித்த காசை முந்தானையில் முடிந்தது யார், கணக்குப் பார்த்தது யார்? ஊருக்குத் திரும்பி வந்தபோது அந்த அம்மியை என்ன செய்தார்கள், விற்றார்களா, விட்டுவிட்டு வந்தார்களா, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்களா?

கல்வெட்டில் இருப்பதை அடுத்த வருஷமும் படித்துக்கொள்ளலாம். ஐந்நூறு வருஷம் காத்திருந்த கல், இன்னும் காத்திருக்கும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. சாயங்காலத்தில் கடையநல்லூர்த் தெருக்களில் நடந்தால் திண்ணையிலோ, வாசல் படியிலோ, நைலான் கட்டிலிலோ அவர்களைப் பார்க்கலாம். காது கொஞ்சம் மந்தமாகியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமாகக் கேட்க வேண்டும்.